நாலு நிமிடத்தில் அழித்த கல்வெட்டு

இது நடந்தது போன வருடம் ஆவணி மாதத்தில், கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில். நான் இரண்டாம் மாடி. ஒரு தனியார் கந்தோரில் முப்பது வருடம் மாரடித்துவிட்டு ஓய்வு பெற்றவன். கந்தோருக்கு முதன்முதலில் கொம்பியூட்டர் வந்தபோது அதைத் தொடப் பயப்படாத ஒரே கிளார்க் நான்தான். அந்தப் புளுகம், அந்தப் பெருமை, இன்னும் குறையவில்லை. எங்கள் பிளாட்டில் யாருடைய பிரிண்டர் நின்றாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். தட்டாவிட்டால் நானே போய் நிற்பேன். அதுதான் என்னுடைய வருத்தம், மருந்தில்லாத நோய்.

நாலாம் மாடியில் புருஷன் பெண்சாதியாக ஓர் அண்ணையும் அக்காவும் இருந்தார்கள். அண்ணை கொலன்னாவைப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவர், யாரையும் பகிடி பண்ணாமல் அவருக்குப் பொழுது போகாது. என்னை 'எஞ்சினியர்' என்றுதான் கூப்பிடுவார். ஒருமுறை அவருடைய பழைய ரேடியோவைத் திருத்தித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்து கழற்றினேன். திரும்பப் பூட்டியபோது கைநிறையத் திருகாணிகள் மிஞ்சின, ரேடியோ அதற்குப் பிறகு பாடவேயில்லை. அதை அப்படியே கொண்டுபோய், "பிழை விட்டிட்டன் அண்ணை" என்று கொடுத்தேன். ஒரு கிழமையாக லிஃப்டில் என்னைக் காணும்போதெல்லாம் ஆணி இருக்கிறதா என்று கேட்டுச் சிரித்தார்.

அக்கா கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் தமிழ் தட்டெழுத்து வேலை செய்தவர். பிறகு வீட்டிலேயே ஒரு கொம்பியூட்டரை வைத்துக்கொண்டு கலியாணக் கார்ட், பூப்புனித நீராட்டுவிழா அழைப்பிதழ் எல்லாம் செய்துகொடுத்தார். அதைவிட அதிகமாகக் கல்வெட்டு. எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் கிரியைக்கும் சாப்பாட்டுக்கும் வருகிறவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். இறந்தவருடைய படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் விபரம் எல்லாம் அதில் இருக்கும். கடதாசியில் அச்சடித்தாலும் அதற்குப் பெயர் கல்வெட்டு. கல்வெட்டில் எல்லாரும் ஒரே மாதிரித்தான் இருப்பார்கள். இன்முகம் காட்டுபவர், இறைபக்தி மிக்கவர், இல்லையென்று வந்தவருக்கு இல்லையென்று சொல்லாதவர். அக்கா முப்பது வருடமாக அதே வரிகளைத் தட்டிப் பெயரை மட்டும் மாற்றியவர்.

அண்ணைக்கு நோய் கடுமையானதும் அவர் ஒரு முடிவு எடுத்தார். தன்னுடைய கல்வெட்டைத் தானே சொல்லி எழுதுவிப்பது. "மற்ற ஆக்கள் எழுதினால் என்னைத் தெய்வமாக்கிப்போடுவினம்" என்று என்னிடமே சொன்னார். நாலு மாதம், பின்னேரங்களில் அவர் கட்டிலில் கிடந்தபடி சொல்லச் சொல்ல, அக்கா பக்கத்தில் இருந்து தட்டினார். தான் போகும்வரை வேறு யாரும் பார்க்கக்கூடாது என்பது நிபந்தனை. ஆகவே அச்செடுத்த பிரதி இல்லை. கனடாவில் இருக்கும் மகளுக்கு அனுப்பியதும் இல்லை. எல்லாம் அந்த ஒரு கொம்பியூட்டரில்தான் இருந்தது.

அண்ணை போய்விட்டார். முப்பத்தோராம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெள்ளி காலை கொட்டாஞ்சேனை அச்சகத்துக்குப் பக்கங்கள் போய்ச் சேர்ந்தால்தான் ஞாயிறு புத்தகம் கைக்கு வரும். அதற்கு முந்திய திங்கட்கிழமை காலை அக்கா இறங்கி வந்து, படங்களைப் பக்கத்தில் வைக்கப் போனால் கொம்பியூட்டர் இறுகி நின்றுவிடுகிறது, வெள்ளி வரைக்கும் தாக்குப் பிடிக்குமா என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். கொஞ்சம் தூசி தட்டிக் கொடுத்திருந்தால் போதும்.

நான் அதோடு நிற்பேனா? பழைய டிஸ்க்தான் பிரச்சினை, அதில் இருப்பதை அப்படியே புது டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிட்டால் கொம்பியூட்டர் பறக்கும், பழைய டிஸ்க்கும் ஒரு காப்பாகக் கிடக்கும், ஒரு மணித்தியால வேலை என்றேன். கடைக்குப் போய்ப் புது டிஸ்க் வாங்கி வந்தேன். அது வேலை செய்கிறதா என்று என் லப்டொப்பில் போட்டு ஒருமுறை சுத்தமாக அழித்து, அதற்கு ஒரு பெயரும் வைத்துப் பார்த்தேன். பிறகு நாலாம் மாடிக்குப் போய் அக்காவின் கொம்பியூட்டரில் அதைப் பூட்டினேன்.

நகல் எடுக்கும் மென்பொருளில் இரண்டு பெட்டிகள் வரும். எதிலிருந்து எடுப்பது, எதில் போடுவது. இரண்டு டிஸ்க்கும் ஒரே அளவு என்பதால் பெயர்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரித் தெரிந்தன. இலக்கம் மட்டும்தான் வித்தியாசம். நான் மாற்றிப் போட்டேன். வெறுமையான புது டிஸ்க்கை எடுத்து, நிறைந்திருந்த பழைய டிஸ்க்கின் மேல் வை என்று கட்டளை கொடுத்தேன். எல்லாம் அழியும், சம்மதமா என்று அது கேட்டது. அந்த மாதிரிக் கேள்விக்கு நான் வாழ்க்கையில் ஒருநாளும் வாசித்துப் பதில் சொன்னதில்லை.

நாலு நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒரு மணித்தியால வேலை நாலு நிமிடத்தில் முடிந்தால் புத்தியுள்ளவனுக்குச் சந்தேகம் வரவேண்டும். எனக்குப் பெருமை வந்தது. புது டிஸ்க்கின் வேகத்தைப் பாருங்கோ என்று, முன்னறையில் படங்களைத் தரம்பிரித்துக்கொண்டிருந்த அக்காவுக்குக் கேட்கச் சத்தமாகச் சொன்னேன். பிறகு கொம்பியூட்டரைத் திரும்பப் போட்டேன். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் வந்தது. பழைய டிஸ்க்கைக் கழற்றி என் லப்டொப்பில் கொழுவிப் பார்த்தேன். அதுவும் வெறுமை. புது டிஸ்க்குக்கு நான் வைத்த பெயர் பழைய டிஸ்க்கில் இருந்தது. அப்போதுதான் என்ன செய்திருக்கிறேன் என்று விளங்கியது. பயத்தில் வயரைப் பிடுங்கினேன்.

முன்னறைக்குப் போனேன். அக்கா மடியில் அண்ணையின் கலியாணப் படம் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். "டிஸ்க் சரியான பழசு அக்கா. தானாக நிண்டு போட்டுது" என்றேன்.

ரேடியோவைக் கொண்டுபோய்ப் பிழை விட்டிட்டன் என்று சொன்ன அதே வாய்தான். எப்படி அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அக்கா மடியில் இருந்த படத்தை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு எழும்பி உள்ளே போய், இஞ்சி போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்து என் கையில் தந்தார்.

"அவர் போன கையோடை அதுவும் போயிட்டுதாக்கும். நீங்கள் என்ன செய்வியள் தம்பி, உங்களாலை ஏலுமானதைச் செய்தியள்" என்றார்.

புருஷனையும், புருஷன் சொன்ன கடைசிச் சொற்களையும் இழந்த மனிசி, அவற்றை அழித்த எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்தத் தேத்தண்ணியைக் குடித்தேன். அதைச் சொல்லத்தான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

தெரிந்த ஆட்களிடம் கொடுத்துப் பார்க்கிறேன் என்று பழைய டிஸ்க்கை வாங்கிக்கொண்டு இறங்கினேன். செவ்வாய் காலை பம்பலப்பிட்டியில் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். அழிந்த பைல்களை மீட்டுத் தருவார்கள் என்று கேள்விப்பட்ட இடம். அங்கே இருந்தது ஒரு சிங்களப் பிள்ளை, முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். டிஸ்க் பழுதாகிவிட்டது என்று சிங்களத்தில் சொன்னேன். அவள் அதைக் கொழுவிப் பார்த்துவிட்டு, டிஸ்க்கில் ஒரு பழுதும் இல்லை அங்கிள், யாரோ வெறும் டிஸ்க்கை இதற்கு மேல் நகல் எடுத்திருக்கிறார்கள் என்றாள். பிறகு, என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொன்னால்தான் எங்கே தேடுவது என்று தனக்குத் தெரியும் என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. டொக்டர் காய்ச்சல் எப்ப தொடங்கினது என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

ஒன்றும் விடாமல் சொன்னேன். வெறும் டிஸ்க்கில் நகல் எடுப்பதற்கு ஒன்றும் இல்லாததால் சில இடங்களில்தான் பழையதின் மேலே எழுதியிருக்கும் என்றாள். நான் வயரைப் பிடுங்கிவிட்டு வேறொன்றும் நோண்டாமல் விட்டதுதான் நான் செய்த ஒரே நல்ல காரியமாம். "பய வென்ன எபா அங்கிள்" என்றாள், பயப்படாதேங்கோ என்று. முன்பின் தெரியாத பிள்ளையிடம், இன்னொரு பாஷையில், ஐந்து நிமிடத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். இருபது வருடம் பழகிய அக்காவிடம் சொந்தப் பாஷையில் முடியவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது முழுக்க அதைத்தான் யோசித்தேன்.

புதன் பின்னேரம் ஆயிரக்கணக்கான பைல்களை ஒரு டிஸ்க்கில் போட்டுத் தந்தாள். ஒன்றுக்கும் பெயர் இல்லை, எல்லாம் இலக்கம். உள்ளே இருப்பது வரும், பெயர் வராது, ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத்தான் வேண்டும் என்றாள். வீட்டில் என் மேசையில் இருந்துகொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தேன். கலியாணப் படங்கள், யாரோ ஊர்பேர் தெரியாத பிள்ளைகளின் சாமத்தியச் சடங்குப் படங்கள், அண்ணை குடும்பத்துப் படங்கள் எல்லாம் வந்தன. எழுத்துப் பைல்களைத் திறந்தால்தான் அநியாயம். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்து, பூனை கீபோர்ட்டில் நடந்த மாதிரி. ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. அண்ணையின் பெயரைப் போட்டுத் தேடினேன், ஒன்றும் வரவில்லை. கடைப் பிள்ளைக்கு ஃபோன் எடுத்துக் கேட்டேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, பைல் சிதைந்திருக்கலாம் என்றாள். அவற்றையெல்லாம் ஒரு ஃபோல்டரில் தள்ளி, அதற்குப் 'பழுது' என்று பெயர் வைத்தேன்.

வியாழன் காலை லப்டொப்பையும் தூக்கிக்கொண்டு நாலாம் மாடிக்குப் போனேன். படங்கள் கிடைத்தன, எழுத்து எல்லாம் பழுதாகிவிட்டது என்று சொல்லிவிடுவதுதான் என் திட்டம். மற்றது, டிஸ்க் எப்படிப் போனது என்ற கதை. அதை இனிச் சொல்லி என்ன பிரயோசனம் என்று படி ஏறும்போதே எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு போனேன். லிஃப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை.

படங்களைப் பார்த்து அக்கா சந்தோஷப்பட்டார். பிறகு, அந்தப் 'பழுது' என்று கிடக்கிறது என்ன என்று கேட்டார். ஒரு பைலைத் திறந்து காட்டினேன். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். அவருடைய விரல்கள் மேசையில் அசையத் தொடங்கின. கீபோர்ட்டைத் தொடாமல், வெறும் மேசையில், தட்டுகிற மாதிரி.

"இது பழுதில்லைத் தம்பி. இது பாமினி" என்றார்.

பாமினி என்பது எங்கள் அச்சகங்களில் வழமையாக இருக்கும் எழுத்துரு. அது இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால், தமிழுக்காக அழுத்திய விசைகள் வெறும் ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். கந்தோரில் முழுக்க ஆங்கிலத்தில் தட்டிவிட்டு, தமிழை வாட்ஸ்அப்பில் மட்டும் எழுதுகிற எனக்கு அது தெரியாது. பிளாட்டுக்கே கொம்பியூட்டர் திருத்துகிறவன் நான். அக்கா முப்பது வருடம் அந்த விசைகளைத் தட்டியவர். அவருக்கு அந்த அலங்கோலத்தை வாசிக்க எழுத்துரு தேவையில்லை, விரல் போதும்.

விரலால் மேசையைத் தட்டித் தட்டி வாசித்தார். அது அண்ணையின் கல்வெட்டேதான். முதல் வரியிலேயே அண்ணை தான் இறைபக்தி மிக்கவர் இல்லை என்றும், கோயிலுக்குப் போனது கூடுதலாக வடைக்குத்தான் என்றும் சொல்லியிருந்தார். அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. நாலு மாதம் சொல்லக் கேட்டுத் தட்டியவர், இப்போது தட்டித் தட்டி அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் அழுதேன். ஒளிக்கவில்லை.

அப்படியே வாசித்துக்கொண்டு போனவர் ஓரிடத்தில் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். உங்களைப் பற்றித்தான் என்றார். வாசித்தார்.

"ரெண்டாம் மாடித் தம்பிக்குக் கொம்பியூட்டர் தெரியும் எண்டு இந்த பிளாட்டிலை முதல் ஆர் சொன்னது எண்டு எனக்குத் தெரியாது. என்ரை ரேடியோவைத் திருத்தப்போய் ஆணி மிச்சம் கொண்டுவந்து தந்தவர். ஆனால் பிழை விட்டால், பிழை விட்டிட்டன் எண்டு வாசலிலை வந்து நிண்டு சொல்லுற ஆள். எனக்கு அப்பிடி ஆக்கள் கனபேரைத் தெரியாது."

அக்கா அடுத்த வரிக்குப் போகப் போனார். என்னால் அதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"அக்கா, டிஸ்க் தானாகப் போகேல்லை. நான்தான் மாறிப் போட்டு அழிச்சனான். உங்களுக்குப் பொய் சொன்னனான்" என்றேன்.

விரல்கள் நின்றன. கீழே கரையோர ரயில் போனது. பிறகு மெதுவாக, "அண்டைக்கு உங்களுக்கு நானெல்லோ ஆறுதல் சொன்னனான்" என்றார். அதைவிட ஓர் அறை அறைந்திருக்கலாம். நான் குனிந்துகொண்டு இருந்தேன்.

கொஞ்சம் பொறுத்து, "அப்ப இந்த வரியை வைக்கட்டோ, எடுக்கட்டோ?" என்று கேட்டார்.

எடுங்கோ, அது உண்மையில்லை என்றேன். அக்கா திரையைப் பார்த்தார்.

"நீங்கள் பொய் சொன்ன திங்கக்கிழமை எண்டால் எடுத்திருப்பன். இண்டைக்கு எடுக்கமாட்டன்" என்றார். பிறகு அடுத்த வரியை வாசிக்கத் தொடங்கினார்.

அலுமாரியில் கிடந்த ஒரு பழைய பென் டிரைவில் பாமினி இருந்தது. அதை என் லப்டொப்பில் போட்டதும் அந்த அலங்கோலம் முழுக்க ஒரே நொடியில் தமிழானது. அன்று பின்னேரம்வரை அக்கா என் லப்டொப்பிலேயே இருந்து பக்கங்களை ஒழுங்குபடுத்தினார். என்னோடு வேலைக்குத் தேவையான அளவுதான் கதைத்தார். நான் படங்களின் பின்புறம் எழுதியிருந்த பெயர்களை வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முடியும் தறுவாயில்தான் ஒன்று தெரிந்தது. கிடைத்தது கடைசியாகச் சேமித்த பைல் இல்லை, அதற்கு முந்தியது. அண்ணை கடைசித் தடவை சொன்ன ஒரு பகுதி அதில் இல்லை. அரைப் பக்கம் இருக்கும். மற்ற இலக்கங்கள் எல்லாவற்றையும் தேடினோம். கடைப் பிள்ளையும் ஃபோனில் வழி சொல்லித் தந்தாள், கிடைக்கவில்லை. நான் மேலே எழுதிய அந்தச் சில இடங்களில் ஒன்றில் அது இருந்திருக்கிறது. நினைவில் இருப்பதைத் தட்டுங்கோவன் அக்கா என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினார். அவர் சொன்னதுதான் வரவேண்டும், தனக்கு ஞாபகம் இருப்பது வரக்கூடாது என்றார். கடைசிப் பக்கத்தில் பாதியை வெறுமையாகவே விட்டார்.

வெள்ளி காலை நானே பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய் அச்சகத்தில் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை புத்தகம் வந்தது. சாப்பாட்டுப் பந்தியில் ஆட்கள் கல்வெட்டை வாசித்துச் சிரித்ததை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். கனடாவில் இருந்து வந்த மகள் பதினேழாம் பக்கத்தை விரித்துக்கொண்டு வந்து, ஆணி அங்கிள் நீங்கள்தானா என்று கேட்டாள். ஓம் என்றேன். ஆணிக் கதைக்கு எல்லாரும் சிரித்தார்கள். அதற்கு அடுத்த வரியை ஒருவரும் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. அக்கா மட்டும் சோற்றுத் தட்டோடு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்தார். பிறகு, இன்னும் கொஞ்சம் பருப்பு போடட்டோ தம்பி என்று கேட்டார்.

இப்போதும் பிளாட்டில் கொம்பியூட்டர் பழுதென்றால் போகிறேன். ஆனால் முதலில் எதிலிருந்து, எதற்கு என்று வாய்விட்டு வாசிக்கிறேன், பக்கத்தில் நிற்பவரையும் வாசிக்க வைக்கிறேன். அவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த அரைப் பக்கத்தில் அண்ணை என்ன சொல்லியிருந்தார் என்று அக்கா ஒருநாளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கல்வெட்டு என் அலுமாரியில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. அதில் எனக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று அண்ணை என்னை நம்பிச் சொன்ன வரி, மற்றது நான் அழித்ததால் வெறுமையாகக் கிடக்கும் அந்த அரைப் பக்கம். பிழை விட்டுவிட்டு வாய் திறக்கத் தயங்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது எழுத்தில்லாத அந்தப் பக்கம்தான்.